காய்ச்சல் இல்லாவிட்டால் தொற்றாது

மே 6, புதன்

மழை. குடையைப் பஸ்ஸில் விட்டாயிற்று. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இனிமேல் தமிழில்தான் எழுதுவது. பள்ளிக்கூடப் பையில் கிடந்தாலும் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். சிநேகிதி நிவி இங்கே கனடாவிலேயே பிறந்தவள். தன் பெயரைத் தமிழில் எழுதவே இரண்டு தரம் அழிப்பாள்.

காலையில் மிஸ் பன்றிக் காய்ச்சல் பற்றிப் பேசினார். கை கழுவச் சொன்னார், முழங்கைக்குள் தும்மச் சொன்னார். பின் வரிசைப் பெடியன்கள் உடனே தும்மிக் காட்டினார்கள். மத்தியானம் கஃபெட்டீரியாவில் ஒருவரும் பெப்பரோனி பிட்ஸா வாங்கவில்லை. பன்றி இறைச்சியால் வராது என்று மிஸ் சொல்லித்தான் இருந்தார். ஆனாலும்.

நிவியும் நானும் எங்களுக்கென்று சட்டம் போட்டோம்.

- கை கழுவும்போது ஹப்பி பேர்த்டே இரண்டு தரம். (நிவி பாடினால் ரெயில் வேகம். நான்தான் பாட வேண்டும்.)
- கை குலுக்கக் கூடாது. கை முட்டியால் முட்டலாம்.
- ஒரே போத்தலில் தண்ணீர் இல்லை. லிப் பாமும் இல்லை.
- பஸ் கம்பியைச் சட்டைக் கைக்குள்ளால் பிடிப்பது.
- பக்கத்தில் யாராவது இருமினால் பத்து எண்ணும்வரை மூச்சு விடக் கூடாது.
- உடம்பு சரியில்லை என்றால் உடனே சொல்ல வேண்டும்.

கடைசியை நான் சேர்த்தேன். அக்காவுக்காக. ஏழாம் மாதம். பிள்ளைத்தாச்சிகளுக்கு இந்தக் காய்ச்சல் கூடாது என்று ரேடியோவில் சொன்னார்கள்.

"ஓகே, டொக்டர் தனு," என்று நிவி முட்டியை நீட்டினாள்.

மே 8, வெள்ளி

வெயில். குளிர் காற்று. கெமிஸ்ட்ரி குவிஸ் சுமார்.

வகுப்பில் ஆளுக்கொரு வைத்தியம். வெங்காயத்தை வெட்டி யன்னலில் வைத்தால் கிருமி அதற்குள் போய்விடுமாம். விட்டமின் சி இரண்டு போட்டால் போதுமாம். "நாங்கள் மஞ்சள் தின்னுற ஆக்கள், எங்களுக்கு வராது," என்று ஒருத்தன். நிவியின் கண்டுபிடிப்பு வேறு: காய்ச்சல் இல்லாவிட்டால் தொற்றாது. "ஹீற் இருந்தாத்தான் கிருமி வெளியில வரும். இல்லாட்டி உள்ளயே கிடக்கும்." எங்கே படித்தாய் என்றால், எல்லோருக்கும் தெரிந்ததாம்.

வீட்டில் அம்மாவின் கொத்தமல்லித் தண்ணீர். காலையும் பின்னேரமும். அத்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு குடிக்கிறார். இரவு வேலை முடிந்து வந்ததும் அக்காவுக்குக் கிட்டப் போகாமல் நேரே குளிக்க வேண்டும். இது என் சட்டம். "உன்ர தங்கச்சி சுகாதாரப் பகுதி," என்று அக்காவிடம் முறைப்பாடு. ஆனால் குளிக்கிறார்.

நிவி பள்ளிக்கூடம் முடிந்து ஒவ்வொரு நாளும் டவுன்ரவுன் போகிறாள், ஊர்ச் சண்டையை நிறுத்தச் சொல்லும் ஆர்ப்பாட்டத்துக்கு. அவளுடைய மாமா, மாமி, இரண்டு பிள்ளைகள் வன்னிக்குள். ஒரு மாதமாகத் தொடர்பு இல்லை. எங்களுக்கு அங்கே ஒருவரும் இல்லை. அம்மாவின் பக்கம் முழுக்க யாழ்ப்பாண ரவுணில், சுகமாக. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

மே 12, செவ்வாய்

பள்ளிக்கூடம் முடிந்து நிவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கண் சிவப்பு. குரல் தவளை மாதிரி.

"என்ன இது?"

"மைக்கில கத்திக் கத்தித் தொண்டை போட்டுது. அலேர்ஜி வேற. மே மாசம்தானே."

"காய்ச்சல் இருக்கோ?"

"இல்லை."

"சத்தியமா?"

"சத்தியமா, தனு. ஓ மை கோட். யூ ஆர் சோ அனோயிங்."

உள்ளே விட்டேன்.

அக்கா பிட்டும் சம்பலும் வைத்தா. நிவி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அப்படியே இருந்தாள். பிறகு அழுகை. பதுங்குகுழிக்கு மேலே ஷெல் விழுந்ததாம், மாமா ஆட்கள் இருந்த பக்கமாம், ஆரோ பார்த்ததாக ஆரோ சொன்னார்களாம். அக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டா. நிவி கீழே நிலத்தில் இருந்து அக்காவின் வயிற்றில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். பிள்ளை அவள் காதில் உதைத்தது. "ஹேய்!" என்று அழுகைக்குள்ளேயே சிரித்தாள். அக்காவும் சிரித்தா. நானும்.

அரை மணித்தியாலம் அப்படியே இருந்தாள். நான் பாத்திரம் கழுவினேன்.

மே 15, வெள்ளி

அக்காவுக்கு இருமல். அம்மா கொத்தமல்லிக்குள் இஞ்சியும் போட்டா. பின்னேரம் உடம்பு அனல். குடும்ப டொக்டர் ரெலிபோனில், தண்ணி குடியுங்கள், மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி என்றார்.

நிவி மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் வரவில்லை. டவுன்ரவுனில் இருப்பாள் என்று நினைக்கிறேன். போன் எடுக்கிறாள் இல்லை.

அக்காவின் அறைக் கதவுப் பிடியை ப்ளீச் போட்டுத் துடைத்தேன். கை எரிகிறது.

மே 17, ஞாயிறு

அக்கா ஆஸ்பத்திரியில். நேற்று விடியவே மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. கதிரையில் குந்தியிருந்து, வசனத்தை முடிக்க முடியாமல், "தனு... அத்தானை... எழுப்பு."

அம்புலன்ஸ்காரர் மாஸ்க், கண்ணாடி, மஞ்சள் அங்கி. அக்கா என் கையைப் பிடிக்கக் கையை நீட்டினா. அவர்கள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கும் நேற்றிலிருந்து தொண்டை நோ, கொஞ்சம் காய்ச்சல். எல்லோருக்கும் மாத்திரை தந்தார்கள். என்னை வீட்டோடு இருக்கச் சொன்னார்கள்.

எங்கே பிழை விட்டேன்? பஸ்ஸா? அத்தானின் வேலையிடமா? எல்லாம் யோசித்துப் பார்த்தாயிற்று. நான் ஒரு நாள்கூடக் கை கழுவாமல் அக்காவிடம் போனதில்லை.

மே 18, திங்கள்

விக்டோரியா டே. லீவு. நல்ல வெயில்.

ரீவியில், வன்னியில் சண்டை எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள். அம்மா சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தா. வின்னிபெக்கிலிருந்து லொறியோடு திரும்பிய அப்பா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் இருந்தார்.

அத்தான் போன் பண்ணினார். அக்காவுக்கு மயக்கம் கொடுத்து, வாயால் குழாய் விட்டு, மெசின்தான் மூச்சு விடுகிறதாம்.

பொழுதுபட கீழே கார் பார்க்கில் விக்டோரியா டே வாணவேடிக்கை. சின்னப் பிள்ளைகளின் கூச்சல். அம்மா எழும்பிப் போய் யன்னலைப் பூட்டினா. திரையை இழுத்தா. ஒவ்வொரு வெடிக்கும் தோள் உதறியது.

மே 20, புதன்

வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண் பிள்ளை. மூன்று இறாத்தல் நிறை. கண்ணாடிப் பெட்டிக்குள். அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது தெரியாது.

அத்தானின் அம்மா அஜக்ஸிலிருந்து வந்திருந்தா. நான் அறைக்குள் என்று தெரிந்தும் குரலைக் குறைக்கவில்லை.

"பள்ளிக்கூடத்தாலை கொண்டந்து குடுத்திட்டாள். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில உதுகளை வைச்சிருக்கக் கூடாது எண்டு நான் அப்பவே சொன்னனான்."

கதவைத் திறந்து சொன்னேன்: "மாமி, அக்காவுக்குத்தான் முதல் வந்தது. எனக்குப் பிறகுதான்."

"முதல் ஆருக்கு எண்டு ஆர் கண்டது? பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு உள்ளுக்குள்ள இருக்கும், வெளியில காட்டாது."

அத்தானைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். ஒரு சொல். "இல்லையம்மா" என்று ஒரு சொல் போதும். சொல்லவில்லை.

மே 22, வெள்ளி

வன்னிச் சனத்தை அடைத்து வைத்திருக்கும் முகாமுக்குள்ளிருந்து ஆரோ போன் பண்ணிச் சொல்லிவிட்டார்கள். நிவியின் மாமா, மாமி, இரண்டு பிள்ளைகள். நாலு பேரும் இல்லையாம். சின்னதுக்கு ஆறு வயது.

நிவியின் போன் ஓஃப். வீட்டுக்கு எடுத்தேன். அவளுடைய அம்மா, வசந்தி அன்ரி. அழுதுகொண்டே கதைத்தா, கதைத்துக்கொண்டே அழுதா.

"நிவி எப்பிடி அன்ரி?"

"படுத்திருக்கிறாள் பிள்ளை. இப்பத்தான் அந்தக் காய்ச்சலாலை எழும்பினவள், அதுக்குள்ள இது."

"எந்தக் காய்ச்சல்?"

"அண்டைக்கு, உங்கட வீட்ட வந்த அண்டைக்கு. காலமை முப்பத்தொன்பது. படு, படு எண்டன். கேட்டாள்தானே? காய்ச்சலுக்கு டைலனோல் குளிசை குடுத்துத்தான் அனுப்பினனான். பிறகு ஒரு கிழமை எழும்பேல்ல. உங்கட அக்கா எப்பிடியம்மா இருக்கிறா? கேக்கவும் மறந்து போனன்..."

அப்படியே இருக்கிறா அன்ரி என்றேன். வைத்துவிட்டேன்.

முப்பத்தொன்பது. "சத்தியமா, தனு."

அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா, செத்த வீட்டுக்குக் கொண்டுபோகச் சமைக்க.

"இப்ப உதைக் கதைக்கிற நேரமோ?"

"அம்மா, அவளாலைதான் அக்கா..."

"வாயை மூடு. அதுகள் நாலு பேரைக் குடுத்திட்டு இருக்குதுகள்."

மே 27, புதன்

பள்ளிக்கூடம் திரும்பினேன். மேகமூட்டம்.

லொக்கருக்குக் கிட்டப் போனதும் இரண்டு பேர் நகர்ந்தார்கள். ஒருத்தி துப்பட்டா மாதிரி எதையோ மூக்கில் பிடித்தாள். பயோலொஜி வகுப்பில் என் மேசையைச் சுற்றி வெறும் கதிரைகள். கடைசியில் பின் வரிசைப் பெடியன் ஒருத்தன்தான் வந்து சொன்னான், மற்றவர்கள் சொல்லாததை.

"நிவிக்கு உங்கட வீட்டிலயிருந்துதானாமே தொத்தினது. இப்ப சுகமோ எல்லாருக்கும்?"

"ஆர் சொன்னது?"

"அவள்தான்."

அவன் நல்ல மனதோடுதான் கேட்டான்.

நிவி நேற்றுத்தான் வந்தாளாம். பின் வாசலில் பிடித்தேன். மெலிந்திருந்தாள். கட்டிப்பிடிக்க வந்தாள். நான் ஓரடி பின்னால் போனேன்.

"உனக்கு அண்டைக்குக் காய்ச்சல்."

"இல்லை."

"உன்ர அம்மா சொன்னவா. முப்பத்தொன்பது."

பைப் பட்டியை இழுத்து இறுக்கினாள். பிறகு, "காலமை. பிறகு இல்லை. மருந்து குடிச்சிட்டன். உங்கட வீட்ட வரேக்க உடம்பு கூல். காய்ச்சல் இல்லாட்டித் தொத்தாது தனு. எவ்ரிபொடி நோஸ்."

"அப்ப ஏன் சொல்லேல்ல? ஏன் சத்தியம் பண்ணினனீ?"

"சொன்னா வீட்ட போ எண்டிருப்பாய். என்னால வீட்டில இருக்க ஏலாது. அம்மா முழு நாளும் போனைக் கையில வைச்சுக்கொண்டு, அடிக்காத போனைப் பாத்துக்கொண்டு. உன்ர அக்கா மட்டும்தான் என்னட்ட ஒண்டும் கேக்காமல் சாப்பாடு தந்தவா."

இதுவரைக்கும் எனக்கு விளங்கியது. உண்மையாகவே விளங்கியது. இதோடு நிறுத்தியிருந்தால் நானும் அழுதிருப்பேன்.

"எங்கட வீட்டிலயிருந்து வந்தது எண்டு ஏன் சொன்னனீ?"

"அவங்கள் கேட்டாங்கள். ஓம் எண்டிட்டன். ஆருக்கு முதல் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"உனக்குத் தெரியும்."

மணி அடித்தது. அவள் உள்ளே போனாள். உடனே மூன்று பேர் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். பாவம், நாலு பேரை இழந்தவள்.

பாவம்தான். அதுதான் எனக்குக் கோபிக்கவும் வழியில்லாமல் இருக்கிறது.

மே 30, சனி

அக்காவுக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள்! அத்தான் போனில் சொல்லிவிட்டு அழுதார். அம்மா சாமி அறையில். அப்பா பொரித்த கோழி வாங்கி வந்தார், ஏனென்று தெரியவில்லை.

பிள்ளை நாலு மில்லி பால் குடித்ததாம்.

ஜூன் 3, புதன்

இன்று முதன்முதலாக என்னை உள்ளே விட்டார்கள். அங்கி, மாஸ்க், கையுறை. அக்கா பாதியாகிவிட்டா. முடி ஒரு பக்கம் சடை. குரல் காற்று மாதிரி.

பிள்ளையின் படத்தைப் போனில் காட்டினேன். அத்தான் காட்டிய அதே படம்தானாம், இருந்தும் பார்த்தா. "மூக்கு மாமியின்ர," என்றா. இரண்டு பேரும் சிரித்தோம். அக்காவுக்கு இருமல் வந்தது, பயந்துவிட்டேன்.

பிறகு சொல்லிவிட்டேன். எல்லாம். சொல்லக் கூடாது என்று அம்மா காரில் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தா. ஆனால் அக்காவிடம் சொல்லாமல் யாரிடம்? நிவிக்கு அன்றைக்குக் காய்ச்சல் அக்கா, ஒளித்துவிட்டாள், மாமி என்னைச் சொல்கிறா, பள்ளிக்கூடத்திலும் என்னைத்தான்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தா. நித்திரை என்று நினைத்தேன்.

"தெரியும்," என்றா.

"என்ன தெரியும்?"

"தலை சுட்டது. சட்டைக்குள்ளால சுட்டது."

"அப்ப ஏன் தள்ளேல்ல?"

"தனு, அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருந்தது."

"உன்ர பிள்ளை? உன்ர பிள்ளையை யோசிக்கேல்லையோ நீ?"

நான் கத்திவிட்டேன் போல. நேர்ஸ் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். அக்காவின் கண்ணோரத்தால் தண்ணீர் காதுக்குள் போனது. துடைக்கக் கை தூக்க முடியவில்லை அவவால். நான்தான் துடைத்தேன், கையுறையால்.

"மாமியிட்டச் சொல்லு," என்றேன். "நான் இல்லை எண்டு மட்டும் சொல்லு."

"சொன்னா எனக்குத் தெரிஞ்சிருந்தது எண்டும் சொல்லோணும். அத்தான் என்னை மன்னிக்க மாட்டார். விடு. நீ சின்னப் பிள்ளை, உன்னில கோவம் கன நாள் நிக்காது."

வீட்டில் அத்தனை கதவுப் பிடியையும் ஆருக்காகத் துடைத்தேன்?

அம்மாவோடு காரில் ஏறாமல் பஸ்ஸில் திரும்பினேன். கம்பியை வெறும் கையால் பிடித்தேன்.

ஜூன் 8, திங்கள்

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டா. பிள்ளை இன்னும் ஆஸ்பத்திரியில். கட்டிலிலிருந்து குளியலறைவரை நடக்க என் தோள் வேண்டும். இரண்டு பேரும் சாப்பாடு, மாத்திரை, பிள்ளை தவிர வேறொன்றும் கதைப்பதில்லை. அம்மாவுக்கு அது போதும்.

மாமி பிலாக்காய் கொண்டுவந்தா. என்னைப் பார்த்து, "கை கழுவிட்டே பிள்ளை, அக்காவைப் பிடிக்கிறாய்?"

ஜூன் 14, ஞாயிறு

வெயில் கொளுத்துகிறது. நிவி வீட்டில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு, ரூஜ் பகுதியில். செத்த சரியான திகதி ஒருவருக்கும் தெரியாததால் எல்லோருக்கும் வசதியான ஞாயிற்றுக்கிழமை. நான் வரவில்லை என்றேன். "வராட்டி என்ன நினைப்பினம்?" என்று அம்மா கறுப்பு வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்தா. அக்காவோடு அத்தான் வீட்டில் நின்றார்.

மேசையில் நாலு படங்கள், மாலையோடு. சின்னவனுக்குத் தனிப் படம் இல்லை. எங்கோ கலியாண வீட்டுப் படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்திருந்தார்கள். பக்கத்தில் யாருடையதோ சேலைத் தலைப்பு. அதைப் பார்த்து அழுதுவிட்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

நிவி பாயாசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். எனக்குப் பக்கத்தில் மொன்றியலில் இருந்து வந்த ஒரு அன்ரி. என்னை யாரென்று கேட்டா. அம்மா சொன்னா. உடனே:

"ஓ, உங்கட வீட்டிலயிருந்துதானே நிவிக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது? பாவம், சாவுக்குள்ள அதையும் கொண்டு திரிஞ்சவள்."

நிவி கரண்டியோடு எனக்கு முன்னால் நின்றாள். அவள் சொல்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் கப்பைப் பார்த்து ஊற்றினாள்.

"இல்லை அன்ரி," என்றேன். "நிவிக்குத்தான் முதல் வந்தது. அவளிட்டயிருந்துதான் அக்காவுக்கு."

பக்கத்து மேசையும் கதையை நிறுத்தியது. வசந்தி அன்ரி குசினி வாசலில் நின்றா. எனக்கு ரெலிபோனில் சொன்ன அதே வாய்.

"இல்லைப் பிள்ளை," என்றா மெதுவாக. "அவளுக்கு அது அலேர்ஜி."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்குத் தெரியும். எல்லாம் தெரியும்.

"ஓம் ஓம்," என்றா அம்மா. "இவளுக்கு நாள் மாறிப் போச்சு. இவளும் அப்ப காய்ச்சலோட படுத்திருந்தவள்தானே."

கதை திரும்பத் தொடங்கியது. நிவி அடுத்த ஆளுக்கு ஊற்றினாள்.

காரில் அப்பா ரேடியோவை நிறுத்தினார். மோர்னிங்சைட் வீதியில் திரும்பினோம்.

"உங்களுக்குத் தெரியும் அம்மா," என்றேன்.

"தெரியும்."

"அப்ப?"

"நீ சொல்லுறது சரி எண்டால் என்ன செய்யப் போறாய்? அவள் நாலு படத்துக்கு முன்னால இருக்கிறாள். எங்கட பிள்ளை மெசினாலை உயிரோட திரும்பி வந்திருக்கு, பேரப்பிள்ளையும் இருக்கு. நாங்கள் ஒருத்தரையும் குடுக்கேல்ல."

"அதுக்கு நான் பொய்க்காரியா இருக்கோணுமோ?"

அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தா. "கொஞ்ச நாளைக்கு," என்றா.

வீட்டில் அக்கா கட்டிலில் எழும்பி இருந்து, நிவி சாப்பிட்டவளோ என்று கேட்டா. தெரியாது என்றேன். நாளை பிள்ளையைப் பார்க்க அக்காவோடு நான்தான் போக வேண்டும், அத்தானுக்கு ஓவர்ரைம்.

அடுத்த கிழமை கெமிஸ்ட்ரி எக்ஸாம். ஒன்றும் படிக்கவில்லை. எக்ஸாமுக்கு ஜிம்மில் பெயர் வரிசைப்படி இருத்துவார்கள். எனக்கு நேர் முன் கதிரை நிவியுடையது.